சாம்பல்தீவில் தங்கித் திருகோணமலை பார்ப்பது

போயா விடுமுறை வெள்ளிக்கிழமையிலோ திங்கட்கிழமையிலோ வந்து வாரக் கடைசியோடு ஒட்டிக்கொள்ளுமாயின், கொழும்பிலும் கண்டியிலும் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்களில் ஒரு மாதத்துக்கு முன்பே ஆலோசனை ஆரம்பமாகிவிடும். எங்கே போகலாம் என்ற கேள்விக்குத் திருகோணமலை என்ற விடை சீக்கிரமே வந்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பின்னர், போகும் வழியில் தம்புள்ளைக் குகை, அதற்கு அடுத்தாற்போல் சிகிரியாக் குன்று, மத்தியானம் கோணேசர் தரிசனம், சாயங்காலம் நிலாவெளிக் குளிப்பு, மறுநாள் புறாமலை, கன்னியா, முடியுமானால் திரியாய், இன்னும் முடியுமானால் திமிங்கிலம் என்று ஒவ்வொருவரும் தத்தம் விருப்பத்தைச் சேர்க்கச் சேர்க்க, மூன்று நாளுக்குள் அடக்க வேண்டிய பிரயாணம் ஒரு வாரத்துக்குரிய பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது. இப்படிப் போய்வந்தவர்களை நான் விசாரித்திருக்கிறேன். அவர்களுடைய ஞாபகத்தில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் வாகனத்தின் வெக்கையும், கோயிற் கதவு சாத்தியிருந்த விஷயமும், படகுக்காரரிடம் பேசிய பேரமுமே.

உஷ்ணப் பிரதேசத்துக் கடற்கரைப் பட்டினம் ஒன்றைக் குறுகிய அவகாசத்தில் பார்க்க விரும்புகிறவர், இடங்களின் பெயர்களை வரிசையாக எழுதுவதற்கு முன்பாகக் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும், வெயில் எந்த நேரத்தில் ஏறும், தங்கும் இடம் எங்கே என்ற மூன்றையும் நிச்சயித்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். திருகோணமலையைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்விக்கு நான் சொல்லும் விடை சாம்பல்தீவு. நகரத்திலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே நாலைந்து மைல் போனால் வரும் கிராமம் அது. பெரிய விடுதிகளின் விளம்பரங்களில் அதன் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. தெற்கே உப்புவெளியும் வடக்கே நிலாவெளியும் அந்தப் பெருமையைப் பங்கிட்டுக்கொண்டுவிட்டன. அடிபடாமையே அதற்கு ஒரு சௌகரியமாகவும் இருக்கிறது.

முதலில் காற்றைக் கவனிப்போம். தென்னிலங்கையிலும் மேற்கிலும் விடுமுறைக் காலமாகக் கொண்டாடப்படும் டிசெம்பர், ஜனவரி மாதங்கள் கிழக்குக் கரைக்கு மாரி மாதங்கள். வடகீழ்ப் பருவக்காற்றாகிய வாடை நேரே கடலிலிருந்து கரைமீது பாய்வதால், ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரையில் கொட்டித் தீர்ந்துவிடும். அக்காலத்தில் கடல் மண்ணிறங் கொண்டு கொந்தளிக்கும். புறாமலைத் தீவுக்குப் படகு விடுவதும் பெரும்பாலும் நின்றுபோகும். தை கழிந்து மாசி பிறந்தபின் கடல் மெல்லத் தணிந்து, பங்குனி, சித்திரையில் கண்ணாடி போலாகி, ஆவணி முடிய அப்படியே இருக்கும். ஆகையால் மார்ச்சுக்கும் செப்டெம்பருக்கும் இடைப்பட்ட காலமே இப்பிரயாணத்துக்கு உரியது. இதிலும் ஒரு பேதம் உண்டு. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மேற்கிலிருந்து மலைகளைக் கடந்து வருகிற கச்சான் காற்று, தன் ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே உதிர்த்துவிட்டு, இங்கே அடுப்பு வாயிலிருந்து வருவதுபோன்ற வறண்ட சூட்டோடு வந்து சேரும். கடலுக்கு அது நல்லது. கரையிலிருந்து வீசுவதால் அலையை எழவிடாது. மனிதருக்கு அது அவ்வளவு நல்லதன்று. சிறு குழந்தைகளையோ வயோதிகர்களையோ அழைத்துச் செல்பவர்கள் மார்ச்சு மாதத்தையோ ஏப்ரலின் முற்பகுதியையோ தெரிவுசெய்வது விவேகம். வேனிலின் நடுவில்தான் லீவு கிடைக்கும் என்றால், பகல் பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் இடையில் நிழலை விட்டு வெளியே காலெடுத்து வைக்காத ஒரு திட்டத்தை வகுத்துக்கொள்ளலாம்.

போயா வாரக் கடைசியை மாத்திரம் தவிர்த்துவிடுங்கள் என்று சொல்வேன். அந்த நாட்களில் நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து இறங்குவதால், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை ஏறும் வீதியில் நடப்பதற்கே இடம் இராது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைச் சுற்றிலும் வாளிகளின் வரிசை நிற்கும். சாதாரணமான ஒரு செவ்வாயும் புதனும் கிடைத்தால் அதைவிடப் பாக்கியம் வேறில்லை.

கொழும்பிலிருந்து திருகோணமலை சுமார் 260 கிலோமீட்டர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக நல்ல வீதி இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் வவுனியா வந்து, ஹொரவப்பொத்தானை வழியாக இறங்கலாம். ஆனாலும் கொழும்பிலிருந்து வருகிறவருக்கு இரவுத் தபால் புகையிரதத்தையே நான் சிபாரிசு செய்வேன். 1927-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்தப் பாதை கல் ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து, காட்டினூடே கந்தளாய்க்கு வந்து, தம்பலகாமத்து வயல்களைக் கடந்து, சீனக்குடாவில் கடலைக் காட்டிவிட்டு நகரத்தில் முடிகிறது. இருட்டில் புறப்பட்டுத் தூங்கி எழும்போது சன்னலுக்கு வெளியே நெல்வயலும் அதற்கு அப்பால் நீர்ப்பரப்பும் விடிந்துகொண்டிருப்பதைக் காணும் சுகம் காரில் வருபவருக்கு இல்லை. தவிரவும், ஒரு பகற்பொழுது மிச்சமாகிறது. குறுகிய பிரயாணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டியது பணத்தைவிடப் பகல்தான். புகையிரத நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் கோட்டை நிலையத்தில் விசாரித்துக்கொண்டு ஆசனத்தைப் பதிவு செய்வது அவசியம். படுக்கை ஆசனங்கள் சில வாரங்களுக்கு முன்னரே தீர்ந்துவிடும்.

திருகோணமலை நிலையத்தில் இறங்கியதும் நகரத்தைப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, நிலாவெளி அல்லது குச்சவெளி பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ நேரே வடக்கே போய்விட வேண்டும். உப்புவெளியைக் கடக்கும்போது வீதியோரத்தில் பொதுநலவாய யுத்தக் கல்லறைத் தோட்டம் தென்படும். இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தக் கடலிலும் இந்தத் துறையிலும் உயிர்விட்ட மாலுமிகளும் விமானிகளும் போர்வீரர்களும் அங்கே வரிசை வரிசையாகக் கிடக்கிறார்கள். கத்தரித்த புல்லும் வெண்கல்லுமாக மிகுந்த ஒழுங்கோடு வைத்திருக்கிறார்கள். இளைப்பாறிய பிறகு ஒரு நாள் காலையில் நடந்துவந்து பார்க்கலாம். இப்போது நிற்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் வழி கேட்டால், ஊரவர்கள் மைற்கல்லைக் கொண்டு இத்தனையாம் கட்டை என்றே சொல்வார்கள். உங்கள் விடுதி எத்தனையாம் கட்டையில் இருக்கிறது என்பதை முன்னதாகவே கேட்டு வைத்துக்கொண்டால் பஸ் நடத்துநர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார்.

சாம்பல்தீவின் விசேஷம் அதன் இருப்பில் இருக்கிறது. கிழக்கே வங்கக்கடல், மேற்கே களப்பு. இரண்டுக்கும் நடுவில் பனையும் தென்னையும் நிற்கும் மணல் நிலம். களப்பின் குறுக்கே வீதியைச் சுமந்து செல்லும் பாலம். சூரியன் கடலில் உதித்துக் களப்பில் அஸ்தமிக்கிறான். ஒரே ஊரிலிருந்து, ஒரு கால் மைல்கூட நடக்காமல், நீரின்மேல் உதயத்தையும் நீரின்மேல் அஸ்தமனத்தையும் தினந்தோறும் காணும் வாய்ப்பு எல்லாக் கடற்கரை ஊர்களுக்கும் கிடைப்பதில்லை. மேல்கரையில் இருப்பவர்களுக்கு மாலை மட்டும், கீழ்கரையில் இருப்பவர்களுக்குக் காலை மட்டும், இவர்களுக்கு இரண்டும். விடுதியைத் தெரிவுசெய்யும்போது இந்த ஒரு காரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பக்கத்தில், பாலத்துக்கு நடந்துபோகக்கூடிய தூரத்தில் ஓர் அறையைப் பிடித்தால் போதும். குளிர்சாதனம் இருக்கிறதா என்பதைக் காட்டிலும் கடற்காற்று வரும் சன்னல் இருக்கிறதா என்று கேட்பவன் புத்திசாலி. மின்விசிறியும் கொசுவலையும் இரண்டும் வேண்டும். களப்புக்கு அருகே கொசுவலையில்லாத கட்டில் எந்த வாடகைக்கும் வேண்டாம்.

வந்து சேர்ந்த நாளில் ஒரு திட்டமும் வைத்துக்கொள்ளக் கூடாது. இதைச் சொன்னால், அத்தனை தூரம் வந்து ஒரு நாளை வீணாக்குவதா என்று சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். அன்று காலையில் கரைக்கு நடந்துபோய், கரைவலை இழுப்பதை நின்று பார்த்துவிட்டு வந்து, அதன்பின் வீணானதா என்று அவர்கள் சொல்லட்டும். தோணி வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு வந்ததும், கரையில் இரு அணியாகப் பிரிந்து நிற்கிற ஆட்கள், மணலில் குதிகாலை ஊன்றிக் கயிற்றைப் பின்னிழுத்து, ஒருவர் பின் ஒருவராகக் கடைசிக்குப் போய்ச் சேர்ந்து, மறுபடியும் முன்வந்து கயிற்றைப் பற்றி, அணிகள் இரண்டும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கி வர, கடைசியில் மடி கரையேறுவதற்கு வெகுநேரம் பிடிக்கிறது. கீரியும் சாளையும் துள்ளும். சில நாள் ஒரு பெரிய பாரையும் அகப்படும். சில நாள் சொறிமுட்டையும் பாசியுமே. கூலி நாட்கணக்கில் இல்லாமல் மீனின் பங்காகப் பிரிக்கப்படுவதால், மடி வெறுமையாக வந்த நாளில் இழுத்தவர் கையும் வெறுங்கைதான். விரும்பினால் நீங்களும் கயிற்றைப் பிடிக்கலாம்; ஒருவரும் தடுக்க மாட்டார்கள், உள்ளங்கை காய்த்துப்போனால் ஒருவரும் அனுதாபப்படவும் மாட்டார்கள்.

சாயங்காலம் பாலத்துக்குப் போங்கள். களப்பில் வீச்சுவலை எறிபவர்களும், தூண்டிலோடு பாலத்துச் சுவரில் சாய்ந்து நிற்கும் பையன்களும், நீரில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கும் நாரையும், இறாலுக்காக மாலையில் வைக்கும் வலைகளும் அங்கே நாள்தோறும் காணும் காட்சிகள். இந்தக் கரை அமைதியாகத் தோன்றினாலும் அது அமைதியிலேயே வாழ்ந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. உள்நாட்டு யுத்தத்தின் கால் நூற்றாண்டுக்கு மேலான காலத்தில் இங்கிருந்தவர்கள் பன்முறை இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தவர்கள். 2004-ஆம் வருஷம் டிசெம்பர் 26-ஆம் திகதி ஆழிப்பேரலை நிலாவெளி வரையுள்ள கரை முழுவதையும் அடித்துச் சென்றது. ஊரில் நாற்பது வயதைக் கடந்த எவரிடமும் அந்தக் கதை இருக்கிறது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். உல்லாசப் பிரயாணியாக வந்தவர் தாமாகக் கிளறுவது முறையன்று. களப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு: அது கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நீரோட்டம் வலியது. பார்வைக்கு முழங்கால் ஆழமாகத் தெரிகிற அந்த இடத்தில் குளிப்பதற்கு ஊர்ப் பிள்ளைகளே இறங்குவதில்லை.

இரண்டாம் நாள் புறாமலைக்கு உரியது. அதையும் விடிந்த கையோடு முடித்துவிட வேண்டும், ஏனென்றால் முற்பகல் ஏற ஏறக் காற்றெழுந்து நீர் கலங்குவதோடு, கொழும்பு வாகனங்களும் வந்து சேர்ந்துவிடும். சாம்பல்தீவில் தங்குவதன் இரண்டாவது இலாபம் இதுதான்: நகரத்தில் இருப்பவர் காலை உணவை முடித்துக்கொண்டு புறப்படும் நேரத்தில் நீங்கள் தீவில் இருப்பீர்கள். நிலாவெளிக் கரையில் அனுமதிச்சீட்டுப் பெற்றுப் படகேறினால், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவே தூரம். மாடப்புறாக்கள் கூடு கட்டும் பாறைகள் நிறைந்த இரண்டு சிறு தீவுகள் அவை. ஆங்கிலேயர் காலத்தில் கடற்படையினர் பீரங்கிப் பயிற்சிக்குக் குறியாக வைத்துச் சுட்ட அதே பாறைகள், 1963-இல் சரணாலயமாகி, 2003-இல் தேசியப் பூங்கா என்ற அந்தஸ்தைப் பெற்றன. பெரிய தீவைச் சுற்றிலும் உள்ள பவளப்பாறைகளில் நூறு வகைப் பவளமும் முந்நூறு வகை மீனும் கணக்கிடப்பட்டிருக்கின்றன. மூச்சுக் குழாயும் கண்ணாடியும் வாடகைக்குக் கிடைக்கும்; முகத்தை நீரில் அமிழ்த்திய மாத்திரத்தில் கீழே மான்கொம்பு போன்ற பவளக் கிளைகளும், அவற்றிடையே கிளிமீன் கூட்டமும், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் முதுகுச் செட்டையின் நுனி கறுத்த சிறு சுறாக்களும் தென்படும். அவை மனிதரைக் கண்டால் விலகிப் போகும் சுபாவமுள்ளவை.

பவளம் கல் அன்று, உயிர். பாதம் பட்ட இடம் உடைந்து வெளிறிவிடும். மீண்டும் ஒரு சாண் வளர்வதற்குப் பல வருஷமாகும். நீந்தத் தெரியாதவர்கள் களைத்ததும் அதன்மேல் எழுந்து நிற்பதையும், ஒடிந்த துண்டுகளைப் பையில் போட்டுக்கொள்வதையும் நான் கண்டதுண்டு. முன்னதற்காவது பயம் என்ற நியாயம் இருக்கிறது, பின்னதற்கு ஒன்றும் இல்லை. மிதவைச் சட்டையைக் கட்டாயம் அணியுங்கள். வாடகை பேசும்போது போக வர என்று சேர்த்துப் பேசி, எத்தனை மணிக்குத் திரும்ப வர வேண்டும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். வெயிலேறுமுன் திரும்பிவந்து, மீன் குழம்போடு சோறு உண்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணி வரையில் தூங்குவது அன்றைய திட்டத்தின் ஒரு பகுதி. அதைச் சோம்பல் என்று எண்ணலாகாது.

அன்று மாலை கோணேசர். இத்தலத்தைப் பற்றி எழுதப்படாத செய்தி இல்லை எனலாம். ஆனாலும் போகிறவர் சில சங்கதிகளை மனத்தில் இருத்திக்கொண்டு போனால், பார்வை கொஞ்சம் கூர்மையாகும். நகரம் ஒரு நிலக்கூம்பின்மேல் அமர்ந்திருக்கிறது. அதன் நுனியில் கடலுக்குள் நீண்டு நிற்கும் மேட்டில் பிரெட்ரிக் கோட்டை. கோட்டையின் முனையில், முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாகக் கடலிலிருந்து எழுந்த பாறையின்மேல் கோயில். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு ஒரு பதிகம் பாடியிருக்கிறார். அவர் கடல் கடந்து இங்கே வந்தவரல்லர். இராமேசுவரத்தில் நின்றவாறே நினைந்து பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. போகாத ஊருக்கு வழி சொல்லும் எழுத்தாளர்களுக்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி கிடையாது. என்றாலும் அவருக்கு இருந்த யோக்கியதை நமக்கு இல்லாமையால் நாம் நேரில் போய்த்தான் ஆகவேண்டும்.

1622-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். கோட்டை வாயிலில் நின்று பார்த்தால், பாண்டியரின் இரட்டைக் கயலும், குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி குலைப்பான் என்று வருவதுரைக்கும் தமிழ்க் கல்வெட்டும் அதே சுவரில் பதிந்திருப்பதைக் காணலாம். இடித்தவர்கள் தம்மைப் பற்றிய வாசகத்தையே வாசல் தூணாக நாட்டிவைத்த விசித்திரம் உலகத்தில் வேறெங்காவது உண்டோ என்னவோ. அப்போது அடியார்கள் எடுத்துச் சென்ற திருமேனிகளுக்காக எழுந்ததே தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் ஆலயம் என்பர். புதைந்துபோன வேறு சில செப்புத் திருமேனிகள் 1950-இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பாறையின் அடியில் முக்குளித்து, பழைய கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டார்கள். புதுப்பித்த கோயிலுக்கு 1963-இல் குடமுழுக்கு நடந்தது. இன்று நீங்கள் காண்பது அந்தக் கோயில்; சிற்ப வேலைக்காக அதைப் பார்க்கப் போகிறவர் ஏமாறுவார். நிற்கும் இடத்துக்காகப் போக வேண்டும்.

கோட்டை இராணுவத்தின் வசம் இருப்பதால் வாயிலில் சோதனை உண்டு. அங்கிருந்து நடந்தே ஏறுங்கள். மரநிழலில் புள்ளிமான்கள் பயமின்றி மேய்ந்துகொண்டு நிற்கும். இந்த நகரத்தில் அவை கடற்கரையிலும் கடைத்தெருவிலுங்கூடக் கட்டாக்காலி மாடுகளோடு உலாவுகின்றன. வழியில் உள்ள பழைய வீடொன்றில் 1800-இல் ஆர்தர் வெல்லெஸ்லி தங்கியிருந்தார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு அவரே. பாறையின் விளிம்பில் 1687 என்று ஆண்டு பொறித்த ஒரு தூண் நிற்கிறது. டச்சுக்காரப் பெண் பிரான்சினா வான் ரீட் காதலன் கைவிட்டுக் கப்பலேறியதைக் கண்டு இவ்விடத்திலிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். அவள் அதற்குப் பின்னும் உயிரோடிருந்து வேறொருவரை மணந்துகொண்டாள் என்று பழைய பதிவுகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டையும் கேட்டுவைக்கலாம். பக்கத்தில் பாறை பிளந்து கடல் உள்ளே தெரியும் இடம் இராவணன் வெட்டு. கோயில் நண்பகலில் சாத்திவிடுவார்கள். மாலைப் பூசைக்குச் சற்று முன்னதாகப் போய், பூசை முடிந்து வெளியே வந்து, இருள் கவிந்த கடலில் மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள் ஒன்றொன்றாக ஏற்றப்படுவதைப் பார்த்துவிட்டு இறங்குவது உத்தமம். பங்குனி உத்தரத்தை ஒட்டிய மகோற்சவத்திலும், சிவராத்திரிக்குப் பின் சுவாமி நகர்வலம் வரும் நாட்களிலும் அகப்பட்டவர்களுக்கு ஊரே கோயிலாகத் தெரியும். ஆனால் அறை கிடைப்பது கடினம்.

துறைமுகத்தைப் பார்க்காமல் போனால் திருகோணமலையைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பார்க்கும் விதந்தான் வேறு. கடற்படைத் தளத்துக்குள் அனுமதியில்லாமையால், உவர்மலை மேட்டில் ஏறி நின்று உட்துறையை நோக்க வேண்டும். மலைகள் சூழ்ந்த ஏரி என்றே அது முதற் பார்வைக்குத் தோன்றும்; கடலுக்கு வாயில் எங்கே என்று கண் தேடும். மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக்குடாவின் அடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடல் வரையில் இறங்கிச் செல்வதால், எவ்வளவு பெரிய கப்பலும் கரையோரம்வரை வரலாம். இந்த ஆழத்துக்காகவே போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதன்மேல் கண் வைத்தார்கள். 1782-ஆம் ஆண்டில் மாத்திரம் இது ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கும், ஓகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் கைக்கும் மாறியது. 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஆங்கிலேயர் 1957-இல் தளத்தைக் கைவிட்டுப் போனபின், சீனக்குடாக் காட்டுக்குள் அவர்கள் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைக் குறித்த பேச்சுவார்த்தைகள் இன்றுவரை பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்துக்கொண்டிருக்கின்றன. நாவல் படிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: ஜேன் ஆஸ்டினின் தம்பியும் கடற்படைத் தளபதியுமான சார்ல்ஸ் ஆஸ்டின் 1852-இல் பர்மா யுத்தத்தில் நோயுற்று இறந்து, இந்நகரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

புறப்படும் நாளின் காலையைக் கன்னியாவுக்குக் கொடுக்கலாம். நகரத்துக்கு மேற்கே அநுராதபுர வீதியில் இருக்கும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அவை. சதுரமாகக் கல் கட்டிய, மூன்று நாலு அடிக்கு மேல் ஆழமில்லாத சிறு கிணறுகள். ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு இல்லை என்பதை ஏழிலிருந்தும் ஏழு வாளி வார்த்துக்கொண்டால் தோல் சொல்லிவிடும். தாய்க்கு ஈமக்கடன் கழிக்க இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். இப்பகுதிச் சைவர்கள் இறந்தவர்களுக்குரிய கிரியைகளை இங்கே செய்வதும் அதனாற்றான். ஆகவே பக்கத்தில் ஒரு குடும்பம் தர்ப்பையோடு அமர்ந்திருக்குமானால் கூச்சலிட்டுக் குளிப்பதை நிறுத்திக்கொள்வது மரியாதை. அங்கிருந்து அதிக தூரமில்லாத பெரியகுளத்துக்கு அருகில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் இலங்கையை ஆண்டபோது மற்ற விகாரைகள் பல அழிந்துபட, இது இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு தமிழ்ப் பௌத்தர்களின் தானத்தால் தழைத்தது; விளக்குக்குப் பசுவும் காசும் கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழ்க் கல்வெட்டுக்களாக இருக்கின்றன. என்னைக் கேட்டால், இந்த மாவட்டத்தில் சரித்திரப் பிரியர் ஒருவர் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்கலாம் என்று விதித்தால் நான் இதையே காட்டுவேன். கோட்டையும் துறையும் யார் யாரை வென்றார் என்று சொல்கின்றன. இந்தக் கல் யார் யாரோடு கூடியிருந்தார் என்பதைச் சொல்கிறது. இவ்வளவிருந்தும் அங்கே கூட்டம் இராது.

இனி, விடவேண்டியவை. திரியாய் மலைமேல் உள்ள பழைய தாதுகோபம் அருமையானது. ஆனால் அது தனியே ஒரு பகலைக் கேட்கும். மார்ச்சு முதல் ஓகஸ்ட் வரையில் நீலத் திமிங்கிலங்களைக் காட்ட விடியலில் படகுகள் போகின்றன. புறாமலையை விட்டுவிட்டு வேண்டுமானால் அதைச் சேர்க்கலாம், இரண்டையும் சேர்த்தால் இரண்டும் கெடும். 1660-இல் ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி கண்டியரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, பத்தொன்பது வருஷம் கழித்துத் தப்பியோடிப் புகழ்பெற்ற புத்தகம் எழுதுவதற்குக் காரணமான கொட்டியாரக் கரை, குடாவின் மறுபக்கத்து மூதூரில் இருக்கிறது. 2009-இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து அங்கே போவது எளிதாகிவிட்டதென்றாலும், மூன்று நாளுக்குள் அதற்கு இடமில்லை.

சாப்பாட்டை விடுதிக்காரரிடம் ஒப்படைப்பதைவிட, முதல் நாளே ஒரு வீட்டுச் சமையற்காரரோடு பேசி வைப்பது நல்லது. காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் அன்று கரைவலையில் வந்த மீன், இரவில் பிட்டும் களப்பு நண்டுக் குழம்பும் என்றால், அதற்கு மேல் விரும்புகிறவர் பட்டணத்திலேயே இருந்திருக்கலாம். எருமைத் தயிர் இந்த மாவட்டத்தின் பெருமை. மட்பானையில் உறைந்தபடியே வாங்கிக் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடுங்கள். மீனைக் கரையிலேயே வாங்கிக் கொடுத்தால் மலிவு, தவிரப் பணமும் இழுத்தவர்களுக்கே போகும். பருத்தி உடை, அகன்ற தொப்பி, கோயிலுக்கு ஒரு வேட்டி அல்லது சேலை, போத்தல் நிறைய தண்ணீர். வேறு சுமை அநாவசியம்.

திரும்பும்போது புகையிரதத்தை விட்டு வீதி வழியாகப் போவதானால், கந்தளாயில் இறங்கிக் குளக்கட்டில் சிறிது நேரம் நிற்கலாம். ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டியது என்று சரித்திரமும், கோணேசர் வயலுக்காகக் குளக்கோட்டன் கட்டியது என்று ஊராரும் சொல்லும் இந்தக் குளம், 1986 ஏப்ரல் மாதத்தில் கட்டு உடைந்து பெரும் நாசம் விளைவித்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. அதற்கப்பால் ஹபரணை வரையில் காடு. அந்தி வேளையில் யானைகள் வீதியைக் கடக்கும். ஆகையால் கன்னியாவில் குளித்துத் தலை உலர்ந்ததும், மத்தியானச் சாப்பாட்டை வழியில் வைத்துக்கொண்டு, பிற்பகல் ஒரு மணிக்குமேல் தாமதிக்காமல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள்.